மறுசுழற்சி நீர்த் திட்டம்: ஊரை எப்படிக் கேட்பது?

கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரிப்பது புதிய நுட்பம் அல்ல. நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் அந்த நீரைக் குடிநீர் விநியோகத்தில் சேர்த்து வருகிறது. அப்படியிருந்தும் சில நகரங்களில் இத்தகைய திட்டங்கள் காகிதத்தோடு நின்றுபோயின. இயந்திரத்தில் குறை இல்லை, ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே மக்களிடம் எப்படி, எந்தக் கட்டத்தில் கருத்துக் கேட்பது என்பதையும் குழாய் விட்டத்தைக் கணக்கிடும் அதே கவனத்தோடு முடிவு செய்ய வேண்டும்.

பெரும்பாலான நகரங்கள் முதலில் நாடுவது கருத்துக்கேட்புக் கூட்டம். சட்டத் தேவை நிறைவேறும், செலவு குறைவு, பேசியது எல்லாம் பதிவாகும். ஆனால் கூட்டம் கூடும்போது வடிவமைப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். பல நூறு பக்க அறிக்கையைச் சில வாரங்களில் படித்துவிட்டு வந்து மூன்று நிமிடத்தில் பேசு என்றால், எதிர்ப்பவர்தான் வருவார். சந்தேகம் மட்டும் உள்ளவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். வேலைநாள் பகலில் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்களின் குரலே கேட்காது. இதை மட்டும் நம்பும் நகரம், தன் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமலே டெண்டர் விடுகிறது.

அடுத்தது வாக்கெடுப்பு. ஒரே நாளில் தெளிவான பதில் கிடைக்கும் என்பதுதான் இதன் கவர்ச்சி. கடும் வறட்சியில் இருந்த ஆஸ்திரேலியாவின் டூவும்பா நகரம், தன் குடிநீரில் கால்பங்கு வரை மறுசுழற்சி நீரைச் சேர்க்கத் திட்டமிட்டது. மத்திய அரசின் நிதி வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 2006 ஜூலையில் வாக்களித்தவர்களில் சுமார் 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆம், இல்லை என்ற இரண்டே பதில்களுக்குள் ஒருவருடைய நிபந்தனை அடங்காது. ‘நேரடியாகக் குழாயில் வேண்டாம், ஏரியில் விட்டுச் சில மாதம் கழித்து எடுத்தால் சரி’ என்பவரும், ‘தோட்டத்துக்கும் ஆலைக்கும் மட்டும் கொடுங்கள்’ என்பவரும் ஒரே ‘இல்லை’யில் விழுகிறார்கள். தோற்றால் நகரம் பல ஆண்டுகளுக்கு அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

கருத்துக்கணிப்பு எளிது. சீரற்ற தேர்வில் 400 பேரைக் கேட்டாலே ஏறத்தாழ ஐந்து விழுக்காடு பிழை வரம்புக்குள் ஊரின் நிலை தெரிந்துவிடும். ‘ஆதரிக்கிறீர்களா?’ என்று ஒற்றைக் கேள்வி கேட்காமல், செடிக்கு, கழிவறைக்கு, துணி துவைக்க, குடிக்க என்று படிப்படியாகக் கேட்டால் தயக்கம் எந்தப் படியில் தொடங்குகிறது என்று புலப்படும். இதை ஆண்டுக்கொரு முறை அதே கேள்விகளோடு செய்ய வேண்டும்.

செயல்விளக்க நிலையம்தான் மனத்தை மாற்றுவதில் வலுவானது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் 1990களில் கைவிட்ட எண்ணத்தை, 2011இல் இப்படியொரு நிலையத்தைத் திறந்து மக்களை உள்ளே அழைத்துச் சென்ற பிறகே முன்னெடுக்க முடிந்தது. பார்வையாளர் கண்முன் மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும்: நுண்வடிகட்டி, எதிர் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.), ஹைட்ரஜன் பெராக்சைடோடு புறஊதாக் கதிர். மூன்றாவது ஏன் என்று விளக்காமல் விடுவதுதான் வழக்கமான பிழை. என்.டி.எம்.ஏ. என்ற நச்சு வேதிப்பொருள் போன்ற மிகச் சிறு மூலக்கூறுகள் ஆர்.ஓ. சவ்வையும் தாண்டி வரும்; அவற்றை உடைக்கத்தான் அந்தக் கட்டம். இதை நகரமே சொல்லிவிட வேண்டும், எதிர்ப்பாளர் சொல்லி மக்கள் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டரின் எண் பார்வையாளருக்குத் தெரியட்டும். ஆர்.ஓ.வில் ஒதுங்கும் உப்புநீர் எங்கே போகிறது என்பதற்கும் பதில் தயாராக இருக்கட்டும். ஆனால் சுற்றிக் காட்டி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினால் அது விளம்பரம். வாசலில் கேள்வி அட்டை வைத்து, வந்த கேள்விகளை வடிவமைப்புக் குழுவுக்கு அனுப்பினால்தான் அது கருத்துக்கேட்பு.

குலுக்கல் முறையில் தேர்ந்த குடிமக்கள் குழுவுக்கு உழைப்பு அதிகம், பலனும் அதிகம். 30 முதல் 50 பேர் அமைய, சில ஆயிரம் அழைப்புகள் அனுப்பி, சம்மதித்தவர்களிலிருந்து வயது, பாலினம், வட்டாரம், வருமானம் பார்த்துக் குலுக்க வேண்டும். நான்கைந்து வார இறுதிகள், நாள்படி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, நகராட்சியைச் சாராத நெறியாளர் எல்லாம் தேவை. ஆதரிக்கும் நிபுணரையும் எதிர்க்கும் நிபுணரையும் குழுவே தேர்ந்து அழைக்கட்டும். பரிந்துரைக்கு இத்தனை நாளில் எழுத்தில் பதில் தருவோம் என்று நகரமன்றம் முன்கூட்டியே தீர்மானம் போடாவிட்டால், இந்த உழைப்பு வீண்.

எங்கள் தேர்வு வரிசை இது: தளம் முடிவாகும் முன் கருத்துக்கணிப்பு, பிறகு செயல்விளக்க நிலையம், அது ஓடத் தொடங்கியதும் குடிமக்கள் குழு, திட்ட வரைவு கையில் இருக்கும்போது கருத்துக்கேட்புக் கூட்டம். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி, தன் சுத்திகரிப்பு நிலையம் 2008இல் இயங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மக்களிடம் பேசத் தொடங்கிவிட்டது. வாக்கெடுப்பைச் சட்டம் கட்டாயப்படுத்தினால் மட்டுமே நடத்தலாம், அதுவும் மற்றவை முடிந்த பிறகு.

எந்த வழியானாலும் பதில் அட்டவணை ஒன்று வெளியாக வேண்டும்: கருத்து எண், சாரம், பதில், வரைபடத்தில் மாறியது என்ன, மாறாவிட்டால் ஏன். ‘தரம் தவறினால் நீரை எத்தனை நிமிடத்தில் நிறுத்துவீர்கள், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?’ என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா ஊரிலும் வரும். அந்த வரியில் பதவியின் பெயரும் நிமிடக் கணக்கும் இல்லாமல் அட்டவணையை அச்சுக்கு அனுப்பக்கூடாது.