பிளேஸிங் சேடில்ஸ் (1974): கோவைப் பக்கம் திரையிட நினைக்கிறவர்களுக்கு

கௌபாய் படம் என்றதும் ஜெய்சங்கர் தொப்பி மாட்டிக் குதிரையேறிய, இயக்குநர் கர்ணன் எடுத்த படங்களும், 2010இல் வந்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்க’மும் நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் வரும். அந்தப் பழக்கம் இருந்தால் அமெரிக்க இயக்குநர் மெல் புரூக்ஸின் இந்தப் படத்தில் பாதி நகைச்சுவை பிடிபட்டுவிடும். மீதிப் பாதிக்குச் சாதி தெரிந்திருந்தால் போதும்.

கதை 1874இல் நடக்கிறது. ரயில் பாதை ராக் ரிட்ஜ் ஊர் வழியாகப் போகணும்; வெள்ளைக்கார ஊராரைக் கிளப்பிவிட்டால் நிலத்தை அமுக்கிவிடலாம். அதற்காகவே ஒரு கறுப்பரை ஷெரீஃபாக, அதாவது ஊர்க் காவல் அதிகாரியாக அனுப்புகிறார்கள். பார்ட் என்ற அந்த ஷெரீஃபாக கிளீவன் லிட்டில், துணைக்குக் குடிகாரத் துப்பாக்கி வீரனாக ஜீன் வைல்டர். திரைக்கதை எழுதிய ஐவரில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் ப்ரையரும் ஒருவர். பார்ட்டாக அவரையே நடிக்க வைக்க புரூக்ஸ் விரும்பினார், ஸ்டுடியோ சம்மதிக்கவில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. பாதையில் புதைமணல் இருக்கிறதா என்று பார்க்கணும். குதிரையை அனுப்பினால் நட்டம் என்று இரண்டு கறுப்பர்களைக் கைவண்டியில் அனுப்புகிறார்கள். வண்டியோடு ஆட்களும் மூழ்க, கயிறு வீசி வண்டியை மட்டும் இழுக்கிறார்கள். அது 400 டாலர் வண்டியாம். சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்கிச் சாகக் கொடுத்த சேதிகளைப் படித்தவர்களுக்கு இங்கே சிரிப்பு பாதியில் நின்றுபோகும்.

அதைவிடக் கூர்மையானது பாட்டியம்மா வருகிற இடம். பகலில் வணக்கம் சொன்ன பார்ட்டை நடுத்தெருவில் கேவலமாகத் திட்டியவர், ஊரை மிரட்டிய முரடனை அவன் அடக்கியதும் ராத்திரி சன்னலுக்கு வந்து ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பண்டம் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறார். போனவர் திரும்பி வந்து, நான் பேசினதை வெளியே சொல்லிடாதே என்கிறார். தனிக் குவளையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. படம் முழுக்கக் கேலி போய் விழுவது வெறுப்பவர்கள் மேல்தான். பார்ட் எல்லோரையும்விடப் புத்திசாலி. கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல் அத்தனை முறை வந்தும் படம் கெட்டுப்போகாததற்கு அதுதான் காரணம்.

முழுப் படம் 93 நிமிடம். தொலைக்காட்சிக்காக வெட்டிய பிரதிகளில் பீன்ஸ் தின்றுவிட்டு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வாயு விடும் சத்தத்தையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பிரதியைப் போட்டால் காட்சியே செத்துவிடும். சட்டகம் அகலத் திரைக்கானது. புரொஜெக்டரில் ஜூம் செய்து திரையை நிரப்பினால் இரண்டு ஓரமும் போய்விடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டையை அப்படியே விடுங்கள். சப்டைட்டில் கட்டாயம். ஊர்க்கூட்டத்தில் கேபி ஜான்சன் என்கிற பாத்திரம் பேசுவது மட்டும் ஒன்றும் புரியாது. புரியக்கூடாதென்றே எழுதியது, ஆபரேட்டரைக் கூப்பிடாதீர்கள்.

கடைசிப் பகுதியில் சண்டை செட்டை உடைத்துக்கொண்டு பக்கத்து நடனப் படப்பிடிப்புக்குள்ளும், அங்கிருந்து ஸ்டுடியோ கேன்டீனுக்கும் போய், வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிடுகிறது. சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வளைவைப் பார்த்தவர்கள் அந்த வாசல் வழியாக நடிகர்கள் வேஷத்தோடே ஓடிவருவதை நினைத்துப் பார்க்கலாம். கதை இங்கே கொஞ்சம் சிதறத்தான் செய்கிறது.

குறைகளும் உண்டு. பெண்களை வைத்தும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை வைத்தும் செய்த கேலி இன்று கசக்கிறது. பூர்வகுடித் தலைவராக புரூக்ஸே வேஷம் கட்டி வருவதும் அப்படித்தான். அமெரிக்காவில் இதற்கு ஆர் சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை வேண்டும். கல்லூரித் திரைப்பட மன்றத்துக்குத் தாராளமாகப் போடலாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.