புகுல் மெட்டை வாசித்துக் காட்டி ட்ரம்பெட்டை விற்றார்கள்

தங்கை மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கோயில் பேண்டில் சேர்ந்து கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸில் வாசிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிப்பு. பெட்டி, மவுத்பீஸ் எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய்க்குப் புது பி ஃப்ளாட் சுருதி ட்ரம்பெட் என்று வெளியூர்க் கடை ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது.

வீடியோ காலில் வாசித்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் ஒரு அணிவகுப்பு மெட்டைக் கணீரென்று ஊதினார். 15 வருடமாக வாசிக்கிற நானே மயங்கிவிட்டேன். அவர் ஊதியது புகுல் மெட்டு. புகுல் என்பது ராணுவத்தில் ஊதுகிற எளிய பித்தளைக் குழல்; ட்ரம்பெட்டில் விரலால் அழுத்திச் சுரம் மாற்றுகிற வால்வு அதற்குக் கிடையாது. உதட்டை இறுக்கித் தளர்த்தி வருகிற சி, ஜி, மேல் சி, ஈ, ஜி ஆகியவற்றுக்குள்ளேயே அந்த மெட்டு முடிந்துவிடும். மூன்று வால்வும் இறுகிப்போன ட்ரம்பெட்டில்கூட அதை வாசித்துவிடலாம். அவர் விரல்கள் வால்வு மேல் சும்மா கிடந்ததை நான் பார்க்கவே இல்லை.

பார்சல் வந்தது. பளபளவென்று இருந்தது. பையனை ஸ்கேல் வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் வால்வு கீழே போனால் மேலே வர யோசித்தது. வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை மாற்றி மாட்டியிருப்பார்களோ என்று மூன்றையும் கழற்றி எண் பார்த்தேன். எண் சரிதான். ஆனால் இரண்டாம் பிஸ்டனில் முலாம் செதில் செதிலாக உரிந்திருந்தது. மூன்றாம் வால்வின் ஸ்லைடு, அதாவது உள்ளும் வெளியும் நகர்த்துகிற குழாய், அசையவே இல்லை. கீழ் டி, சி ஷார்ப் இரண்டும் எந்த ட்ரம்பெட்டிலும் சுருதி சற்று ஏறித்தான் ஒலிக்கும். அந்த ஸ்லைடை விரலால் வெளியே தள்ளித்தான் இறக்குவோம். அதற்காகத்தான் அதில் வளையமே வைத்திருக்கிறார்கள். இதில் வளையம் அழகுக்கு இருந்தது.

கடைக்குப் போன் போட்டேன். "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு விடுங்க, ஓடஓடச் சரியாகிடும்" என்றார். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பிஸ்டன்தான் தேயும். இடைவெளி கூடி, காற்று இன்னும் கசியும். திருப்பி அனுப்புகிறேன் என்றதும் பேச்சு மாறியது. "வாயில வச்சு ஊதினதை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்." சரி, ஊதாமல் எப்படிச் சோதிப்பதாம்? அதற்குப் பதில் இல்லை. அப்புறம் போனே எடுக்கவில்லை.

ஊதாமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது, எரிச்சலில் எனக்கு அது தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. வால்வை அழுத்தாமல் இரண்டாம் வால்வின் ஸ்லைடை மெதுவாக உருவுங்கள். கடைசியில் 'பொப்' என்று சத்தம் வந்தால் வால்வு காற்றைப் பிடிக்கிறது. சத்தமே வராவிட்டால் கசிவு. ஸ்லைடில் கிரீஸ் காய்ந்திருந்தாலும் சத்தம் வராது, அதனால் முதலில் கிரீஸ் தடவிவிட்டுப் பாருங்கள். எங்களுடையது வாயே திறக்கவில்லை. பார்சல் பிரிப்பதிலிருந்து இது வரைக்கும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் மவுத்பீஸ் உதட்டில் படுவதற்கு முன்னால்.

வாசித்துக் காட்டுகிறவரிடம் புகுல் மெட்டு வேண்டாம், கீழ் சி-யிலிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். பிறகு கீழ் ஈ-யை ஒருமுறை முதல், இரண்டாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தியும், மறுமுறை மூன்றாம் வால்வை மட்டும் அழுத்தியும் ஊதச் சொல்லுங்கள். சுருதி ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். கேமரா விரல் மேல் இருக்கட்டும்.

விலை குறைவு என்பதால் வந்த வினை என்று யாரும் சொல்ல வேண்டாம். என்னுடையதும் மலிவுதான். பேண்டு கருவிகளுக்குப் பேர்போன மீரட்டில் செய்தது, பழையதாக வாங்கி 12 வருடம் ஆகிறது, எண்ணெய் விட்டால் இன்றும் வால்வு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். பிஸ்டனுக்கு முலாம் பூசி, அதை வால்வுக்குள் பொருந்த வைத்து, இறுகிய ஸ்லைடை எடுக்க அவர் சொன்ன கூலி 8,500-ஐத் தாண்டியது. பெட்டியை மூடி எடுத்து வந்துவிட்டேன். பையனுக்கு என்னுடையதைக் கொடுத்திருக்கிறேன். "அப்போ கேரலுக்கு நீங்க எதை ஊதுவீங்க மாமா?" என்கிறான்.