லிங்க்ட்இன்னா, மாதக் கூட்டமா, பழைய சகாக்களா?

ஐந்தாறு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் கழித்த மென்பொருள் பொறியாளர் ஒருவர், வேலை மாறும் எண்ணத்தோடு தொழில் தொடர்புகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறார். ஆனால் அதற்கென வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க அவரால் இயலாது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தைத் தொழில் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னில் செலவிடுவதா, மாதந்தோறும் கூடும் தொழில்நுட்பக் குழுவில் செலவிடுவதா, அல்லது உடன் படித்தவர்களோடும் முன்பு உடன் பணியாற்றியவர்களோடும் விட்டுப்போன பேச்சைப் புதுப்பிப்பதா? மூன்றிலும் சில ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் நான் மூன்றாவதையே முதலில் வைப்பேன். எனினும் அது எல்லோருக்கும் பொருந்தாது.

2003 மே மாதம் அறிமுகமாகி, 2016இல் 2,620 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போன லிங்க்ட்இன், முகவரிப் புத்தகமாக நிகரற்றது. எந்த நிறுவனத்தில் யார் என்ன பொறுப்பில் இருக்கிறார், அவரையும் நம்மையும் அறிந்தவர் யார் என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதன் பிறகு எழுதும் செய்தியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். "வணக்கம் சார், உங்கள் நிறுவனத்தில் காலியிடம் இருந்தால் தெரிவிக்கவும், ரெஸ்யூமே இணைத்துள்ளேன்" என்று ஒரே வாரத்தில் நாற்பது பேருக்கு நான் அனுப்பியதில் ஒரே ஒருவர் பதிலளித்தார். அவரும் நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி முடித்துக்கொண்டார். பின்னொரு சமயம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஏறத்தாழ நிறுத்தாமலே புதிய பதிப்புக்கு மாற்றியதைப் பற்றி ஒருவர் பேசிய காணொளியைப் பார்த்துவிட்டு, "லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் சீக்வென்ஸ் எண்கள் தாமாக வந்து சேராதே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தேன். (ஒரு தரவுத்தளத்தில் நிகழும் மாற்றங்களை இன்னொன்றுக்கு உடனுக்குடன் நகலெடுக்கும் முறை லாஜிக்கல் ரெப்ளிகேஷன்; புதிய பதிவுகளுக்கு வரிசை எண் வழங்குவது சீக்வென்ஸ்.) அன்றிரவே மூன்று பத்திகளில் பதில் வந்தது. மற்றபடி, அடுத்தவர் பதவி உயர்வுக்கு வரிசையாக வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பதையெல்லாம் தொடர்பு வளர்க்கும் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

மாதக் கூட்டத்தின் போக்கே வேறு. சென்னையில், லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் இந்திய லினக்ஸ் பயனர் குழு நெடுங்காலம் ஐஐடி வளாகத்தில் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடி வந்தது. இத்தகைய கூட்டங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது; செலவாவது ஒரு பிற்பகல். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு ஓராண்டு போனாலும் பெரிதாக எதுவும் கிட்டாது. தான் திணறித் தீர்த்த ஒரு சிக்கலை இருபது நிமிடம் எழுந்து நின்று விளக்குகிறவரையோ, தேநீர் வேளையில் நாலு பேர் தேடி வந்து பேசுவார்கள். ரெஸ்யூமேயில் "நன்கு தெரியும்" என்று நாமே எழுதிக்கொள்வது ஒன்று. தெரிந்ததை நேரில் பார்த்தவர் தம் மேலாளரிடம் போய்ச் சொல்வது வேறொன்று.

இனி, பழைய சகாக்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் பகுதியில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் வழியாக வேலை பெற்றோரில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு என்றும், அவ்வப்போது சந்தித்தவர்கள் ஏறத்தாழ 56 சதவீதம் என்றும், ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்தவர்கள் 28 சதவீதம் என்றும் காட்டினார். அன்றாடம் நம்மோடு தேநீர் குடிப்பவர் அறிந்த காலியிடத்தை நாமும் அறிந்தே இருப்போம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பெங்களூருக்குப் போய்விட்டவர்தான் நமக்குத் தெரியாததைச் சொல்லக்கூடியவர். லிங்க்ட்இன்னின் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை வைத்து நடத்தி 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வும், மிக நெருங்கியவரோ அறவே அந்நியரோ அல்லாத, ஓரளவு தெரிந்தவரே வேலை மாற அதிகம் உதவியதாகக் கண்டது.

இன்னொரு காரணம் ரெஃபரல் முறை. பல மென்பொருள் நிறுவனங்களில், தாம் பரிந்துரைத்தவர் வேலையில் சேர்ந்தால் ஊழியருக்கு ஊக்கத்தொகை உண்டு. ஆகவே நம் வேலையைக் கண்ணால் பார்த்த முன்னாள் சகாவிடம் கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. "ஜாவா பின்புலத்தில் ஆறு ஆண்டு அனுபவம், உங்கள் தளத்தில் இந்த எண்ணுள்ள பணியிடம், என்னைப் பரிந்துரைக்க முடியுமா?" என்று திட்டவட்டமாகக் கேட்டால் அவருக்கும் வேலை மிச்சம். ஆனால் இரண்டாண்டு பேசாமலிருந்துவிட்டு முதல் செய்தியிலேயே இதைக் கேட்பது கசக்கும். வேலை தேடாத காலத்திலும் மாதம் இரண்டு பேரையாவது அழைத்துப் பேசி வந்தால் அந்தச் சங்கடம் வராது.

இந்த வழியின் குறையையும் மறைப்பதற்கில்லை. பெரிய கல்லூரியில் படித்தவருக்கு எல்லா நிறுவனத்திலும் ஒரு சீனியர் இருப்பார். சிறிய ஊர்க் கல்லூரியில் படித்து, குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாக வந்தவருக்குப் புதுப்பிக்கப் பழைய தொடர்பு எங்கே இருக்கிறது? அவருக்கு நான் மாதக் கூட்டத்தையே முதலில் சொல்வேன். அங்கே எழுந்து பேச எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. கூட்டமே நடக்காத ஊரில் இருப்பவருக்கு லிங்க்ட்இன்தான் எஞ்சுகிறது, அதுவும் நாற்பது பேருக்கு ஒரே செய்தியாக அல்லாமல் ஒருவருக்கு ஒரு கேள்வியாக.