கலிலியோவும் ஓர் அகச்சிவப்பு அடாப்டரும்: லினக்ஸில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

2013-ஆம் ஆண்டு முதல் நான் கடலுக்குள் இறங்கும்போதெல்லாம் கையில் கட்டிக்கொண்டிருப்பது ஊவாடெக் கலிலியோ சோல் என்ற முக்குளிப்புக் கணினியாகும். நீரின் ஆழம், கழிந்த நேரம், வெப்பநிலை, சிலிண்டரில் எஞ்சியிருக்கும் காற்றழுத்தம் ஆகியவற்றைக் காட்டுவதோடு, உடலில் கரைந்துள்ள நைட்ரஜனின் அளவைக் கணித்து, எவ்வளவு நேரம் எந்த ஆழத்தில் பாதுகாப்பாக இருக்கலாம் என்பதையும் அது சொல்கிறது. நான்கு விநாடிக்கு ஒரு முறை என அது எழுதிக்கொள்ளும் பதிவு, ஒரு மணி நேர முக்குளிப்புக்குத் தொள்ளாயிரம் வரிகளாகச் சேர்கிறது. அந்தப் பதிவை வெளியே எடுக்கக் கம்பி செருகும் துளை எதுவும் இந்தக் கருவியில் கிடையாது. அகச்சிவப்பு ஒளி மட்டுமே வழி. உப்பு நீரில் அரிக்கப்படும் உலோக முனைகள் வெளியே இல்லாததால் இதைக் குறையாக நான் ஒருபோதும் கருதியதில்லை. ஆனால் அந்த ஒளியைப் பெற்றுக்கொள்ளும் அடாப்டரை டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இயங்க வைப்பதும், தொடர்ந்து இயங்கும் நிலையில் வைத்திருப்பதும் தனி வேலையாகவே இருந்துவந்திருக்கின்றன.

என் வீட்டுக் கணினியில் லினக்ஸ் தவிர வேறு இயங்குதளம் இருந்ததில்லை. முக்குளிப்புப் பதிவுகளுக்கு நான் பயன்படுத்துவது சப்சர்ஃபேஸ் என்ற திறந்த மூல மென்பொருள். லினக்ஸ் கர்னலை, அதாவது அந்த இயங்குதளத்தின் மையக் கருவை, உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2011-இல் அதை எழுதத் தொடங்கினார், அவரும் முக்குளிப்பவர். பலவகைக் கருவிகளுடன் பேசும் பொறுப்பை அதனுள் லிப்டைவ்கம்ப்யூட்டர் என்ற நிரல் நூலகம் ஏற்கிறது. ஊவாடெக்கின் ஸ்மார்ட், அலாடின் டெக், கலிலியோ வரிசைக் கருவிகளை இந்த நூலகம் நன்கு அறியும். ஆகவே மென்பொருள் பக்கத்தில் எனக்குக் கவலை இருக்கவில்லை.

அடாப்டர் வாங்கும்போது முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தொலைக்காட்சி ரிமோட்டின் அகச்சிவப்பும் இந்த அகச்சிவப்பும் ஒன்றல்ல. இங்கே வேண்டியது 1993-இல் அமைக்கப்பட்ட அகச்சிவப்புத் தரவுச் சங்கம் வகுத்த, சுருக்கமாக ஐஆர்டிஏ எனப்படும் இருவழித் தொடர்பு முறை. அதன் அடிப்படை வேகம் வினாடிக்கு 115200 பிட் வரை செல்லும். பின்னர் வந்த வேக வகை 40 இலட்சம் பிட்டை எட்டியது. தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒளி முப்பது பாகை விரிவுள்ள கூம்பாகப் பாய்கிறது. ரிமோட்டின் ஒளியைப் பெறும் யூஎஸ்பி கருவிகள் பார்வைக்கு இதே போலக் கறுப்பாக, கட்டைவிரல் அளவில் இருக்கும்; அவற்றுக்கு லினக்ஸில் முற்றிலும் வேறான இயக்கிகள் (கருவியைக் கணினியுடன் பேச வைக்கும் நிரல்கள்) உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு கலிலியோவுடன் பேச முடியாது.

சென்னை ரிச்சி தெருவில் நான் முதலில் வாங்கிய அடாப்டரின் உறையில் ஐஆர்டிஏ என்றே அச்சிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையால் அதன் அடையாள எண்ணைப் பார்த்தபோது, கர்னலின் எந்த இயக்கியும் அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளவில்லை. கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். ஆனால் அதே உறையில் இருந்த இரண்டாவது அடாப்டருக்குள் இருந்தது வேறு சில்லு என்பதுதான் எனக்குக் கிடைத்த பாடம். வெளியே எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து இந்தப் பொருளை வாங்கவே கூடாது. இயன்றால் மடிக்கணினியைக் கடைக்கே கொண்டுசென்று, செருகி, எண்ணைப் படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

சில்லு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். யூஎஸ்பி வழியாக அகச்சிவப்பை இணைப்பதற்கு 1998-இலேயே ஒரு பொதுத் தரம் வெளிவந்தது. அதைப் பின்பற்றும் அடாப்டர்கள் அனைத்தையும் ஐஆர்டிஏ-யூஎஸ்பி என்ற ஒரே இயக்கி கவனித்துக்கொள்ளும். ஆனால் சந்தைக்கு வந்த மலிவான அடாப்டர்களில் பல அந்தத் தரத்தைப் பின்பற்றவில்லை. ஒவ்வொரு சில்லுக்கும் யாரோ ஒருவர் தம் நேரத்தைக் கொடுத்துத் தனி இயக்கி எழுத வேண்டியிருந்தது. சிக்மாடெல்லின் 4200 என்ற சில்லு, தரவுச் சட்டங்களை (ஒரு முறைக்கு அனுப்பப்படும் தரவுத் தொகுதிகளை) தானாகப் பிரித்துக் கொடுக்காது. வந்த ஒளித்துடிப்புகளை அப்படியே கணினியிடம் ஒப்படைத்துவிடும். சட்டத்தின் தொடக்கமும் முடிவும் எவை, பிழை உண்டா இல்லையா என்பதையெல்லாம் இயக்கியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அது மட்டுமின்றி, தரவு வந்திருக்கிறதா என்று கணினி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். அதே நிறுவனத்தின் 4210 சில்லோ செருகியவுடன் ஒரு நிலைபொருள் கோப்பை (சில்லுக்குள்ளேயே ஓடும் நிரலை) தன்னுள் ஏற்றச் சொல்லும். அந்தக் கோப்பை நாம்தான் தேடி உரிய அடைவில் வைக்க வேண்டும். எனக்கு வாய்த்தது ஹைதராபாத்தைச் சேர்ந்த மாஸ்சிப் நிறுவனத்தின் 7780 சில்லு. அதன் அடையாள எண் 9710:7780. நிலைபொருள் எதுவும் கேட்காத, கர்னலில் அதற்கென்றே இயக்கி அமைந்த சில்லு அது. பன்னிரண்டு ஆண்டுகளாக அதே அடாப்டரைத்தான் பயன்படுத்திவருகிறேன்.

அன்றைய டெபியன் 7-இல் அமைவு சிக்கலாக இருக்கவில்லை. ஐஆர்டிஏ கருவித் தொகுப்பை நிறுவிவிட்டு அடாப்டரைச் செருகினால், இயக்கி தானாக ஏறி, வலைப்பின்னல் இடைமுகத்தைப் போலவே ஐஆர்டிஏ0 என்ற பெயரில் ஓர் இடைமுகம் தோன்றும். பிறகு நிர்வாகி உரிமையுடன் ஐஆர்அட்டாச் கட்டளையை, எதிரே யாரேனும் உள்ளனரா என்று தேடத் தொடங்கும்படியான விருப்பத்தேர்வோடு ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். தேடல் நடக்கிறதா என்று அறிய எனக்குப் பெரிதும் உதவியது ஐஆர்டிஏடம்ப் என்ற கட்டளை. அடாப்டர் மூன்று விநாடிக்கு ஒரு முறை, பதிலுக்கான ஆறு நேர இடைவெளிகள் கொண்ட அழைப்பை ஒளியாக அனுப்புவதை அது வரிவரியாகக் காட்டும். முனையத்தில் அழைப்புகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, கலிலியோவை எதிரே வைத்த சில விநாடிகளில் பதில் வரியின் இறுதியில் ஊவாடெக் கலிலியோ சோல் என்ற பெயர் தோன்றிய அந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பெயர் தெரிந்துவிட்டால் வன்பொருள், இயக்கி, நெறிமுறை மூன்றும் சரியாக உள்ளன என்று பொருள். பெயர் வராத நிலையில் சப்சர்ஃபேஸைத் திறந்து பார்ப்பது வீண் வேலை.

அழைப்பொளி வெளியே வருகிறதா என்பதிலேயே ஐயம் ஏற்பட்டால், கைப்பேசியின் கேமரா வழியாக அடாப்டரின் கறுப்பு முகப்பைப் பாருங்கள். 850 முதல் 900 நானோமீட்டர் வரையான இந்த ஒளி கண்ணுக்குப் புலப்படாது; ஆனால் பல கேமராக்களில் வெளிறிய ஊதா மினுக்கமாகத் தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் முயலலாம்.

கருவிகளை எங்கே, எப்படி வைப்பது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அடாப்டரை மடிக்கணினியின் பக்கவாட்டில் நேரடியாகச் செருகினால் அதன் முகம் மேசை விளிம்பை நோக்கிப் போய்விடுகிறது. ஆதலால் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி கட்டாயம் வேண்டும். இரண்டையும் ஒரே உயரத்தில், பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில், முகத்துக்கு முகம் வைக்கிறேன். மிக நெருக்கமாக வைத்தாலும் எனக்குப் பிழைகள் கூடின. என் அறைச் சன்னல் மேற்கு நோக்கியது. மாலை வெயில் மேசைமீது விழும் வேளையில் இணைப்பு பாதியில் அறுந்துபோகும். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பதிவிறக்குவதே அன்று முதல் வழக்கமாகிவிட்டது.

மற்றொரு முக்கியமான திருத்தம் வேகத்தைப் பற்றியது. அடாப்டர் வேக வகையையும் அறிந்தது என்பதால், இரு பக்கமும் பேசி முடிவுசெய்யும் வேகம் எதுவாக இருக்குமோ என்ற ஐயம் எப்போதும் உண்டு. கர்னலின் ஐஆர்டிஏ அமைப்புகளில் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் மதிப்பு ஒன்று இருக்கிறது. அதில் 115200 என்று எழுதிவிட்டால், அதற்குமேல் எவரும் பேச முற்பட மாட்டார்கள். இணைப்பு இடையிடையே திணறினால் 57600 என்று குறைத்துப் பார்க்கலாம். முக்குளிப்புப் பதிவுகளின் அளவுக்கு இந்த வேகம் தாராளம். 115200 பிட் என்பது தொடக்க, நிறுத்த பிட்டுகளைக் கழித்தால் வினாடிக்கு 11520 பைட். புதிய முக்குளிப்புகளை மட்டும் கேட்டு வாங்கும் வசதி இருப்பதால், ஒரு வாரப் பயணத்தின் பதிவுகள் தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடுகின்றன.

டெபியன் 8-க்கும் 9-க்கும் மாறியபோது எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. புதுச்சேரிக் கடலிலும், 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட அந்தமானின் ஹேவ்லாக்கிலும் செய்த முக்குளிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் சேர்ந்துகொண்டே வந்தன. 2019 ஜூலையில் டெபியன் 10 வெளிவந்தது. அடுத்த சில வாரங்களில் அதற்கு மாறினேன். அடாப்டரைச் செருகினேன், எல்எஸ்யூஎஸ்பியில் எண் தெரிந்தது, ஐஆர்டிஏ0 மட்டும் வரவில்லை. இயக்கியை ஏற்றும் மாட்புரோப் கட்டளைக்கு, அப்படி ஓர் இயக்கியே இல்லை என்ற பதில் கிடைத்தது.

காரணம் டெபியனில் இல்லை. ஐஆர்டிஏ குறிமுறையைப் பேணுவதற்கு நெடுங்காலமாக ஆள் இல்லாததால், 2017 நவம்பரில் வெளிவந்த 4.14 கர்னலில் அது தற்காலிகப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. 2018 ஜூனில் வந்த 4.17-இல் முழுவதுமாக நீக்கப்பட்டது. டெபியன் 9-இன் கர்னல் 4.9, டெபியன் 10-இன் கர்னல் 4.19. இடையில் இருந்த வாசல் மூடப்பட்டுவிட்டது. இந்த முடிவை நான் குறைகூற மாட்டேன். எவரும் சோதித்துப் பார்க்காத வலைப்பின்னல் குறிமுறை கர்னலுக்குள் கிடப்பது எல்லாப் பயனர்களுக்கும் பாதுகாப்புக் கேடு. ஆயினும், கையில் இருக்கும் கருவி பழுதின்றி ஓடும்போது அதன் மொழியைப் புரிந்துகொள்ளும் கணினி இல்லாமற்போவது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தந்தது.

நீக்கப்பட்ட குறிமுறையைத் தனியே எடுத்துப் புதிய கர்னலுக்கு ஏற்பத் தொகுத்துக்கொள்வது (கம்பைல் செய்துகொள்வது) ஒரு வழி. சில நாள் முயன்று பார்த்தேன். கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மீண்டும் தொகுக்க வேண்டும். உள்ளே ஏதேனும் ஒரு செயற்கூறின் வடிவம் மாறிவிட்டால் குறிமுறையையே திருத்த வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் தேவைப்படும் ஒன்றுக்காக, அன்றாடம் பயன்படுத்தும் கணினியின் கர்னலில் கைவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினியான மெய்நிகர் கணினியை நாடியது அதனால்தான். டெபியன் 9-ஐ நிறுவிய ஒரு மெய்நிகர் கணினியை லினக்ஸின் கேவிஎம் வசதி வழியாக அமைத்து, அடாப்டரின் எண்ணைச் சுட்டி, அதை நேரடியாக உள்ளே அனுப்பும்படி செய்தேன். வெளிக் கணினியில் இந்தச் சில்லுக்கு இயக்கி இல்லாதது இங்கே நன்மையாக முடிந்தது: அடாப்டரைப் பிடித்துக்கொள்ள வெளியே எவரும் இல்லாததால், அது தடையின்றி உள்ளே போய்ச் சேர்கிறது. உள்ளே பழைய ஐஆர்டிஏடம்ப்பில் கலிலியோவின் பெயர் மீண்டும் தெரிந்தது. சப்சர்ஃபேஸையும் அதே சூழலில் நானே தொகுத்து வைத்திருக்கிறேன். பதிவிறக்கிய கோப்பை வெளிக் கணினிக்கு மாற்றி, அங்குள்ள புதிய சப்சர்ஃபேஸில் இறக்குமதி செய்கிறேன்.

இந்த அமைப்பில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. வெளிக் கணினி மின்சாரத்தைச் சேமிக்க யூஎஸ்பி கருவிகளை உறங்க வைக்கும் பழக்கம் உடையது. இந்த அடாப்டருக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்தேன். அடுத்தது பாதுகாப்பு. டெபியன் 9-க்கான நீண்டகால ஆதரவு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. எனவே அந்த மெய்நிகர் கணினிக்கு வலைப்பின்னல் இணைப்பே கொடுப்பதில்லை. தேவையான தொகுப்புகள் அனைத்தையும் நிறுவி முடித்த நிலையில் வட்டுப்படத்தை (அந்த மெய்நிகர் கணினியின் வட்டு முழுவதும் அடங்கிய கோப்பை) நகலெடுத்தேன். அதன்பிறகு உள்ளே எதையும் புதுப்பிக்கவில்லை.

புதிதாக முக்குளிப்புக் கணினி வாங்குவோருக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். கலிலியோவின் அடுத்த தலைமுறையான ஜி2, யூஎஸ்பி வழியாகவே இணைகிறது. அதற்கு இத்தனை ஏற்பாடுகள் வேண்டாம். ஆனால் பழைய ஸ்மார்ட், அலாடின் டெக், கலிலியோ கருவிகளை வைத்திருப்போரும், அவற்றைப் பிறரிடமிருந்து மலிவாக வாங்க நினைப்போரும் லினக்ஸைக் காரணம் காட்டிப் பின்வாங்கத் தேவையில்லை. மாஸ்சிப் 7780 சில்லுள்ள ஓர் அடாப்டரும், 4.17-க்கு முந்தைய கர்னலும், வெயில் படாத ஒரு மேசையும் இருந்தால் பதிவுகள் முழுமையாக வந்துசேரும் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அந்த வட்டுப்படம் இப்போது இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் இருக்கிறது. கட்டளைகளையும் வேக வரம்பையும் அடாப்டரின் எண்ணையும் எழுதிய ஓர் உரைக்கோப்பை அதன் அருகிலேயே வைத்துள்ளேன். சென்ற ஆண்டு அதே எண் கொண்ட மற்றோர் அடாப்டர் பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் கிடைத்தது. செருகிப் பார்த்து, கலிலியோவின் பெயர் வந்ததை உறுதிசெய்துகொண்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் முக்குளிப்புப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.