மாதச் சம்பளத்துக்கு பேக்எண்ட் டெவலப்பர்: ஒருவரைக் காட்டி வேறு ஆளை வைக்கிறார்கள், கவனம்

மாதக் கட்டணத்துக்கு "முழுநேரமும் உங்களுக்கே" என்று பேக்எண்ட் டெவலப்பர் (தளத்தின் சர்வர் பக்க வேலையை எழுதுபவர்) தரும் நிறுவனங்களிடம் ஆள் எடுக்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். எழுதப்படும் கோட் யாருடைய கிட்ஹப் (கோடை இணையத்தில் சேமித்து வைக்கும் தளம்) கணக்கில் இருக்கும்? "எங்க கணக்குலதான் சார் இருக்கும், ப்ராஜெக்ட் முடிஞ்சதும் மொத்தமா கொடுத்துடுவோம்" என்று பதில் வந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை எங்களுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். வக்கீல் தடுத்ததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. சென்னை ஓஎம்ஆரில் இருக்கிறது, கூகுளில் தேடினால் விளம்பரமாக மேலே வரும்.

ஈரோட்டில் நானும் அண்ணனும் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். கைலி, துண்டு, பெட்ஷீட். சில்லறைக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆர்டரை ஆள் வைத்து டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கடைக்காரர்களே உள்ளே வந்து, தங்கள் ரேட்டைப் பார்த்து, ஆர்டர் போட்டு, பாக்கியும் கட்டிக்கொள்ள ஒரு தளம் வேண்டும் என்று முடிவு செய்தோம். மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், ரேட் கடைக்குக் கடை மாறும். எடுக்கும் சரக்கு, பணம் வரும் வேகம், எத்தனை வருடப் பழக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு கடையின் ரேட் இன்னொரு கடைக்குத் தெரிந்தால் வியாபாரமே நாறிவிடும். முதல் பேச்சிலேயே அவர்களிடம் இதை அழுத்திச் சொன்னோம்.

2023 தீபாவளி முடிந்ததும் ஒப்பந்தம் போட்டோம். மாதம் 85,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,00,300. மாதம் 160 மணி நேர வேலை. வீடியோ காலில் ஒருவரைக் காட்டினார்கள். ஆறு வருட அனுபவம், லாராவெலில் கெட்டிக்காரர் என்றார்கள். உண்மையிலேயே கெட்டிக்காரர்தான். பிஎச்பி என்ற நிரல்மொழியில் வெறுமனே பக்கம் பக்கமாக எழுதினால் பின்னால் யாராலும் பராமரிக்க முடியாது, அதனால்தான் லாராவெல் மாதிரி ஒரு கட்டமைப்பு வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். டேட்டாபேஸ் மாற்றங்களை மைக்ரேஷன் கோப்புகளாக வைப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்பதை பாலிசியில் எழுதுவது, இன்வாய்ஸ் அனுப்பும் வேலையைப் பின்னணியில் வரிசையாக நடக்கும்படி க்யூவில் போடுவது என்று எங்கள் வியாபாரத்தையே உதாரணமாக வைத்துச் சொன்னார். லாராவெல் 10-ல் செய்யலாம் என்றார். அண்ணனுக்கு எந்த மென்பொருள்காரரையும் பிடிக்காது, அவருக்கே இவரைப் பிடித்துப்போனது.

"பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ்" என்று சொல்லும் சோதனைக் காலம் முழுக்க அந்த மனிதர்தான் வேலை பார்த்தார். கேள்வி கேட்டால் அன்றே பதில் வந்தது. அது முடிந்து அடுத்த இன்வாய்ஸுக்குப் பணம் போனதும் காட்சி மாறியது. வீடியோ காலில் கேமரா வராது. "நெட் ஸ்லோவா இருக்கு சார்." குரல் வேறு மாதிரி இருக்கும். மெசேஜில் ஒரு நாள் மரியாதை பொங்கும், மறுநாள் ஒற்றை வார்த்தையில் பதில். நேராகப் பேச வேண்டும் என்றால் ப்ராஜெக்ட் மேனேஜர் குறுக்கே வருவார். "சார், அவரு டீப்பா கோடிங்ல இருக்காரு, டிஸ்டர்ப் பண்ண வேணாம், எங்கிட்ட சொல்லுங்க." டைம்ஷீட் மட்டும் பிசகாமல் வந்தது. தினமும் எட்டு மணி நேரம், அந்த டெவலப்பரின் பெயரில். 2024 மாட்டுப் பொங்கல் அன்றும் எட்டு மணி நேரம்! அவர்கள் அலுவலகத்துக்குப் பொங்கல் விடுமுறை என்று மெயில் அனுப்பியவரும் அதே மேனேஜர்தான். கேட்டதற்கு, "அவரு டெடிகேட்டட் சார், லீவ்லயும் பாத்தாரு" என்றார்.

தளத்தைத் திறந்த கொஞ்ச நாளில் தாராபுரத்திலிருந்து ஒரு கடைக்காரர் கூப்பிட்டார். "ஏனுங்க, நாமளும் இத்தனை வருசமா உங்ககிட்டத்தான் சரக்கு எடுக்கறோம். காங்கேயத்துக்காரருக்கு மட்டும் டஜனுக்கு முப்பது ரூவா கொறச்சுப் போட்டிருக்கறீங்களே, நாங்க என்னங்க பாவம் பண்ணுனோம்?"

காங்கேயத்து ரேட் இவருக்கு எப்படித் தெரிந்தது? ஹேக் எதுவும் செய்யவில்லை. தன் ஆர்டரைத் திறந்தபோது மேலே இணைய முகவரியின் கடைசியில் ஆர்டர் எண் இருந்திருக்கிறது. விளையாட்டாக ஒரு எண்ணைக் குறைத்துப் போட்டிருக்கிறார், பக்கத்து ஊர்க்காரரின் ஆர்டர் ரேட்டோடு விரிந்துவிட்டது. உள்ளே வந்தவர் யார் என்று பார்த்த கோட், அந்த ஆர்டர் அவருடையதுதானா என்று பார்க்கவே இல்லை. ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் இணையப் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில், 2021 பதிப்பில் முதலிடமே இந்த வகைக் குறைக்குத்தான். லாராவெலில் இதைத் தடுக்க ஒரு சின்ன பாலிசி போதும். அந்தப் பாலிசியைப் பற்றித்தான் முதல் வீடியோ காலில் அவர் அவ்வளவு அழகாகப் பேசியிருந்தார்.

யார் யார் யாருடைய ஆர்டரைப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள சர்வர் லாக் (யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்ற பதிவு) கேட்டோம். ஏழு நாளுக்கு மேல் வைப்பதில்லையாம். சர்வர் அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் (அமேசானின் வாடகை சர்வர் சேவை) கணக்கில் இருந்ததால் நாங்களாகப் பார்க்கவும் வழியில்லை. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவலோ தரவுக் கசிவோ தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்றே உத்தரவு போட்டிருக்கிறது. மேனேஜருக்கு அதை அனுப்பினேன். "நோட்டட் சார்" என்று பதில் வந்தது.

அதோடு மாதப் பணத்தை நிறுத்தினோம். கோட் வேண்டும் என்று கேட்டோம். பல நாள் இழுத்தடித்து, ஹேண்ட்ஓவர் சார்ஜ் என்று ஒரு தொகையும் கேட்டு, கடைசியில் ஒரு ஜிப் கோப்பு அனுப்பினார்கள். கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன் அதைத் திறந்து பார்த்தான். அனுப்பிய புண்ணியவான், கோடில் நடந்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றை நீக்காமல் ஃபோல்டரை அப்படியே சுருட்டி அனுப்பியிருந்தார். 'கிட் ஷார்ட்லாக்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. யார் எத்தனை முறை கோட் சேர்த்தார்கள் என்று பெயர்வாரியாகக் காட்டும். எங்களுக்குக் காட்டிய மனிதரின் பெயர் சோதனைக் காலத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு நாலைந்து பெயர்கள் மாறி மாறி. கிட்டில் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதனால் இது மட்டுமே சாட்சியாகாது என்று தம்பி சொன்னான். ஆனால் இவர்கள் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று ஒரு வரிகூடச் சேரவில்லை. அந்த மனிதரின் லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்த்தால், ஜனவரியிலேயே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஏப்ரல் வரை எங்களுக்கு இன்வாய்ஸ் அவர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது.

கோட் எப்படி இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். லாராவெல் 10 என்று பேசிவிட்டு லாராவெல் 8. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜனவரியோடு முடிந்துவிட்டன. கீழே ஓடியது பிஎச்பி 7.4, அதன் ஆயுள் 2022 நவம்பரிலேயே முடிந்தது. அதாவது, வேலை ஆரம்பிக்கும்போதே காலாவதியான சரக்கு. மைக்ரேஷன் என்ற ஃபோல்டரில் லாராவெல் தானாகப் போட்டுத்தரும் கோப்புகளைத் தவிர வேறெதுவும் இல்லை. டேபிள்களை நேராக பிஎச்பிமைஅட்மின் என்ற டேட்டாபேஸ் கருவியில் போய் மாற்றியிருந்தார்கள், எதை யார் எப்போது மாற்றினார்கள் என்பதற்குத் தடயமே கிடையாது. ஆர்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் ஒரே கன்ட்ரோலர் கோப்பில், உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருந்தது. திரையில் காட்டும் பிளேடு கோப்புகளுக்குள்ளேயே டேட்டாபேஸுக்கான எஸ்கியூஎல் கட்டளைகளை எழுதியிருந்தார்கள். வெண்டார் ஃபோல்டருக்குள் கைவைத்திருந்தது எல்லாவற்றையும்விட மோசம். அது வெளியிலிருந்து கம்போசர் என்ற கருவி கொண்டுவந்து வைக்கும் நூலகங்கள் இருக்கும் இடம். அங்கே திருத்தினால் அடுத்த அப்டேட்டில் திருத்தம் காணாமல் போய்விடும். அதற்குப் பயந்தே யாரும் அப்டேட் செய்யவில்லை போலும்.

தொகைகளைப் பைசா பிசகாத டெசிமலில் வைக்காமல், தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டில் வைத்திருந்தார்கள். 5 சதவீத ஜிஎஸ்டி போட்டுக் கூட்டும்போது டேலிக்கும் தளத்துக்கும் பைசாக்கள் ஏன் இடிக்கின்றன என்று ஆடிட்டர் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு விடை அன்றுதான் கிடைத்தது. பணம் கட்டும் பகுதியைப் பார்த்து தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். ரேஸர்பே என்ற ஆன்லைன் பேமென்ட் சேவையில் பணம் கட்டினால் ஆர்டர் எண், பேமென்ட் எண்ணோடு ஒரு சிக்னேச்சரும் திரும்பி வரும். நம் ரகசியச் சாவியை வைத்து சர்வரில் அதைக் கணக்கிட்டு, பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் பில்லை வரவு வைக்க வேண்டும். எங்கள் தளத்தில் அந்தச் சோதனை இல்லை. 'பணம் வந்துவிட்டது' என்ற பக்கத்தின் முகவரியை நேராகத் திறந்தாலே பில் வரவாகிவிடும். வங்கிக்கு வந்த தொகையோடு ஒவ்வொரு பில்லையும் ஒத்துப்பார்த்தோம். நல்ல மனிதர்களோடுதான் வியாபாரம் செய்கிறோம் என்பது தெரிந்தது, ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை.

இதை எழுதிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. கோட் சேர்க்கும்போது எழுதும் கமிட் குறிப்புகளைப் படித்தால், படிப்பை முடித்த கையோடு வந்தவர்கள் என்று தெரிகிறது. "ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை, ஆனால் ஓடுகிறது" என்ற பொருளில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், பாவம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், பார்த்துத் திருத்தவும் ஆளில்லாமல் உட்காரவைத்து, அவர்கள் வேலையை ஆறு வருட அனுபவத்தின் விலைக்கு விற்றவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஜிப்பில் எங்களுடையது அல்லாத ஒன்றும் இருந்தது. ஒரு மருத்துவமனையின் அப்பாயின்ட்மென்ட் தளத்துக்கான கோட். அதை நகலெடுத்து, நோயாளி இருந்த இடத்தில் கடையை வைத்துத்தான் எங்கள் தளத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய லாராவெல் வந்த கதையும் அதுதான். அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸ் கடவுச்சொல்கூட, ரகசிய விவரங்கள் வைக்கும் டாட் இஎன்வி கோப்பின் பழைய பதிப்பில் அப்படியே கிடந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லி, உடனே மாற்றச் சொன்னோம். பேச்சுவாக்கில் உங்களுக்கு வேலை பார்க்கும் டெவலப்பர் யார் என்று கேட்டேன். எங்களுக்குக் காட்டிய அதே ஆள். அதே மாதங்கள். அவர்களுக்கும் மாதம் 160 மணி நேரம்.

சட்டப் பக்கம். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் 2019 நுகர்வோர் சட்டத்தின் கீழ் போக முடியாது என்றார் வக்கீல். தொகை 3 லட்சத்துக்கு மேல் போவதால் வணிக நீதிமன்றச் சட்டம், அவசர நிவாரணம் கேட்காவிட்டால் வழக்குக்கு முன் 12ஏ பிரிவின்படி சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். அந்த மனுவைப் போட்டிருக்கிறோம். அவர்கள் அனுப்பிய பதில் நோட்டீஸில், கோட் எங்களுடைய சொத்தே அல்ல என்று ஒரு பத்தி. படிக்கும்போது கொதித்தது, ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி ஊழியர் எழுதியது, அவரை வேலைக்கு வைத்தவருக்குச் சொந்தம். இங்கே வேலைக்கு வைத்தவர் அந்த நிறுவனம், நாங்கள் வாடிக்கையாளர் மட்டுமே. உரிமை நமக்கு வர வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித்தர வேண்டும். அதிலும் காலம் எழுதாவிட்டால் 19-ஆம் பிரிவு ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அவர்கள் ஒப்பந்தத்தில் "முழுப் பணமும் வந்த பின் ஒப்படைக்கப்படும்" என்று இருந்ததே தவிர உரிமை மாற்றம் என்ற பேச்சே இல்லை.

புதுத் தளத்தை இப்போது ஒருவர் எங்களிடம் நேரடியாகச் சம்பளத்துக்கு இருந்து எழுதுகிறார். கிட்ஹப், ஏடபிள்யூஎஸ்ஸின் முழு அதிகாரமுள்ள ரூட் லாகின் எல்லாம் அலுவலக மெயிலில். மற்றவர்களுக்கு நிறுவனம் வழியாகத்தான் ஆள் எடுக்க முடியும் என்றால், வேலை பார்ப்பவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுத்து மூலம் உங்கள் சம்மதம் இல்லாமல் ஆளை மாற்றக் கூடாது என்ற வரியோடு. முதல் நாளிலிருந்தே உங்கள் கிட்ஹப்பில் தினமும் கோட் வந்து சேர வேண்டும். உரிமை மாற்றப் பத்தியை உங்கள் வக்கீலே எழுதட்டும். இரண்டு டெஸ்ட் கணக்கு வாங்கி, ஒன்றில் இருந்துகொண்டு மற்றதன் ஆர்டர் எண்ணை முகவரியில் போட்டுப் பாருங்கள். இதற்கு டெவலப்பராக இருக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்காரர்களும் இப்போது தனியாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். 2023 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை, லாராவெல், ஆறு வருட அனுபவம், 160 மணி நேரம் என்று ஓஎம்ஆர் முகவரியிலிருந்து இன்வாய்ஸ் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். டைம்ஷீட்டை அழிக்காமல் வைத்திருங்கள். ஒரே ஆளின் பெயரில் மூன்றாவதாக ஒரு 160 மணி நேரம் கிடைத்தால் சமரசப் பேச்சில் வைக்க உதவும்.