பார்லருக்கு யுவி பெட்டி வாங்கலாமா? அழகுக்கலை மாணவர்களுக்கு ஒரு மதிப்பீடு

அழகுக்கலைப் பயிற்சி முடித்துக் கடை போடுகிறவர்கள் எழுதும் சாமான் பட்டியலில் நாற்காலி, கண்ணாடி, வேக்ஸ் ஹீட்டருக்கு அடுத்து வருவது யுவி ஸ்டெரிலைசர், அதாவது புற ஊதா ஒளியால் கருவிகளில் உள்ள கிருமியைக் கொல்வதாகச் சொல்லி விற்கும் சாதனம். மைக்ரோவேவ் அடுப்பு அளவுக்கு ஒரு பெட்டி, உள்ளே ஒன்றிரண்டு கம்பித் தட்டு, மேலே 8 வாட் ட்யூப் ஒன்று, நீல வெளிச்சம் தெரியும் கதவு. விலை சில ஆயிரம் ரூபாய். வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்தால் கடைக்கு ஒரு மதிப்பு வருகிறது. பலர் வாங்குவதும் அதற்காகத்தான்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல யுவி பெட்டி ஒரு நல்ல அலமாரி. கழுவி, கிருமிநாசினி மருந்தில் ஊறவைத்து, அலசிக் காயவைத்த சீப்பையும் கத்தரிக்கோலையும் அடுத்த ஆள் வரும்வரை தூசு படாமல் வைத்திருக்கும். அழுக்குச் சாமானை உள்ளே போட்டுச் சுத்தமாக வெளியே எடுக்கலாம் என்று நினைத்து வாங்கினால் பணம் வீண். அதைவிட மோசம், அந்த நம்பிக்கையில் கழுவுவதே நின்றுபோகும்.

பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. நுண்ணுயிரியல் பாடத்தின் முதல் வாரத்தில் மூன்று படிகளைப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். சோப்பும் பிரஷும் போட்டு அழுக்கு, முடி, எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது சுத்தம் செய்தல். மருந்தில் ஊறவைத்து நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது கிருமிநீக்கம். சில பாக்டீரியாக்கள் கெட்டியான ஓடு போட்டுக்கொண்டு ஸ்போராகிக் கிடக்கும். அதையும் சேர்த்து ஒன்றுகூட மிஞ்சாமல் அழிப்பதுதான் ஸ்டெரிலைசேஷன். யுவி பெட்டி மூன்றாவது படிக்கு வராது. இரண்டாவது படியைக்கூட வெளிச்சம் நேராகப் படுகிற இடத்தில் மட்டும்தான் செய்யும்.

காரணம் அந்த ஒளியின் குணத்திலேயே இருக்கிறது. கிருமி கொல்லும் ட்யூப் 254 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விடும். அது கிருமியின் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற அலகுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். பிறகு அந்தக் கிருமியால் பெருக முடியாது. ஆனால் இந்த ஒளி எதையும் ஊடுருவாது. ஜன்னல் கண்ணாடி, பிளாஸ்டிக், தலை எண்ணெய்ப் படலம், ஒட்டிக்கொண்ட ஒரு தோல் செதில், எது குறுக்கே வந்தாலும் நின்றுவிடும். சீப்பு ஒன்றைக் கம்பித் தட்டில் படுக்கவைத்துப் பாருங்கள். மேல்புறத்தில் வெளிச்சம் விழும். பற்களின் பக்கவாட்டில் பாதிதான் விழும். பற்கள் முதுகோடு சேரும் அந்தக் குறுகிய இடுக்கில், எண்ணெயும் பொடுகும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் அப்பியிருக்குமே, அங்கே ஒன்றும் விழாது. அடிப்புறம் முழுக்க நிழல். நக நிப்பரின் கீல், டிரிம்மரின் இரண்டு பிளேடுகளுக்கு நடுவே உள்ள இடம், பிளாக்ஹெட் எடுக்கும் கம்பியின் வளையம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். படர்தாமரை பரப்பும் பூஞ்சையின் ஸ்போர்கள் உதிர்ந்த முடித் துணுக்கில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அந்தத் துணுக்கு சிக்கும் இடமும் இந்த இடுக்குகள்தான்.

இதை வாய்ச்சொல்லாக விட வேண்டியதில்லை, பயிற்சி நிலையத்தில் ஆய்வக வசதி இருந்தால் ஆசிரியர் மேற்பார்வையில் செய்து பார்க்கலாம். 100 மில்லி நீரில் 2.8 கிராம் நியூட்ரியன்ட் அகார் (கிருமி வளர்க்க உதவும் ஊட்டப் பொடி) கலந்து, பஞ்சு அடைப்பு போட்டு, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் ஸ்டெரிலைஸ் செய்யும் கருவி) 121 டிகிரியில் 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் வையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பெட்ரி தட்டு (மூடியுள்ள வட்டமான ஆய்வகத் தட்டு) ஒன்றுக்கு 20 மில்லி ஊற்றுங்கள். உறைந்த பிறகு, நாள் முழுக்கப் பயன்படுத்திய சீப்பை ஸ்டெரைல் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து மூன்று தட்டுகள் முழுக்கத் தேயுங்கள். முதல் தட்டின் மூடியை எடுத்துவிட்டுப் பாதியைக் கெட்டி அட்டையால் மறைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டாவதை மூடியோடு உள்ளே வையுங்கள். மூன்றாவது வெளியிலேயே இருக்கட்டும். 15 நிமிடம் கழித்து எல்லாவற்றையும் மூடி, டேப் ஒட்டி, கவிழ்த்துவைத்து 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வளரவிடுங்கள். பெட்டி உண்மையானது என்றால் முதல் தட்டில் வெளிச்சம் பட்ட பாதி வெறிச்சென்று இருக்கும், அட்டை மறைத்த பாதியில் புள்ளி புள்ளியாகக் கூட்டம் கூட்டமாக வளர்ந்திருக்கும். நடுவே கோடு போட்டது போலத் தெரியும். மூடி போட்ட தட்டுக்கும் வெளியே இருந்த தட்டுக்கும் வித்தியாசமே இருக்காது. நிழல் என்றால் என்ன என்று இந்த ஒரு தட்டு சொல்வதை எந்தப் பாடமும் சொல்லாது. வளர்ந்த தட்டைத் திறக்கக் கூடாது; தோலிலிருந்து வந்த ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில் கோடிக்கணக்கில் இருக்கலாம். மூடியபடியே ஆட்டோகிளேவில் போட்டுவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

முதல் தட்டின் இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தால் ட்யூப் செத்துவிட்டது, அல்லது பெட்டியே போலி. ஊதா நிறத்தில் பளிச்சென்று எரியும் எல்இடி பொருத்திய மலிவுப் பெட்டிகள் சந்தையில் நிறைய. ஜெல் நெயில் பாலிஷ் உலர்த்தும் விளக்கின் 365 முதல் 405 நானோமீட்டர் ஒளிதான் பலவற்றில் இருக்கிறது. அதற்குக் கிருமியைக் கொல்லும் வலு மிகக் குறைவு. உண்மையான ட்யூபின் கண்ணாடி நிறமில்லாமல் தெளிவாக இருக்கும், வெளிச்சம் வெளிறிய நீலமாக மங்கலாகத் தெரியும். ட்யூபின் மேல் 254 என்றோ யுவி-சி என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அப்படியானால் கிருமியைக் கொல்வது யார் வேலை? மருந்து ஜாடியின் வேலை. முடிதிருத்தும் கடைகளில் நீல நிறத் திரவத்துக்குள் சீப்பு நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1947ல் மாரிஸ் கிங் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பார்பிசைட் அது. உள்ளே இருப்பது குவாட்டர்னரி அமோனியம் சேர்மம். 32 அவுன்ஸ் நீருக்கு 2 அவுன்ஸ் மருந்து, அதாவது சுமார் 950 மில்லிக்கு 60 மில்லி. 10 நிமிடம் முழுதாக மூழ்க வேண்டும், தினமும் மாற்ற வேண்டும், நடுவில் கலங்கினால் அப்போதே கொட்டிவிட வேண்டும். இதே வகை மருந்துகள் வேறு பெயர்களிலும் கிடைக்கின்றன; அளவும் நேரமும் மாறும், லேபிளில் உள்ளபடிதான் கலக்க வேண்டும். மருந்தைக் கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலன் என்பது தவறு. தோல் எரிச்சலும் கருவியில் துருவும்தான் கூடும்.

இங்கே பெரும்பாலோர் கோட்டைவிடுவது அலசுவதில். குவாட்டர்னரி மருந்தும் சோப்பும் ஒன்றுக்கொன்று எதிர் மின்னூட்டம் கொண்டவை, கலந்தால் மருந்து செயலிழந்துவிடும். சோப்பு நுரையோடு சீப்பை ஜாடியில் போட்டால் நீலத் தண்ணீர்தான் மிச்சம். போர்வெல் உப்புத் தண்ணீரிலும் வீரியம் குறையும், அதனால் ஜாடிக்கு மட்டுமாவது ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். வரிசை இதுதான்: முடியை எடு, சோப்பு போட்டுத் தேய், நன்றாக அலசு, 10 நிமிடம் ஊறவை, மறுபடி அலசு, சுத்தமான துண்டில் துடைத்துக் காயவை, பிறகு பெட்டி. ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் ட்யூப் சூட்டில் உள்ளே புழுக்கமாகி நிழல் பக்கத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பேன் விஷயத்தில் பெட்டி, ஜாடி இரண்டையுமே நம்ப வேண்டாம். 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் 10 நிமிடம் சீப்பை ஊறவைத்தால் பேனும் ஈரும் சாகும்.

இரத்தம் பட்டால் கணக்கே வேறு. ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் 7 நாட்களாவது தொற்றும் நிலையில் இருக்கும். பிளேடை அப்போதே ஊசி முனைகளுக்கான கெட்டி டப்பாவில் போட வேண்டும், மறுபயன்பாடு என்ற பேச்சே கூடாது. தரையிலோ மேசையிலோ சிந்தியதைக் கையுறை போட்டுத் துடைத்துவிட்டு, 5 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச்) ஒரு பங்குக்கு 9 பங்கு நீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். அந்தக் கலவையை அன்றன்றைக்குத்தான் தயாரிக்க வேண்டும். ஹேர் கலரில் உள்ள அமோனியாவோடோ டாய்லெட் கழுவும் ஆசிட்டோடோ அது சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், கலர் கலக்கும் மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். ஹைப்போ எஃகை அரிக்கும் என்பதால் நிப்பர், பிளாக்ஹெட் கம்பிக்கு ஏற்றது ஆட்டோகிளேவ்தான். சிறிய ஆட்டோகிளேவே யுவி பெட்டியைவிடப் பல மடங்கு விலை. நகப் பராமரிப்பும் ஃபேஷியலும்தான் உங்கள் முக்கிய வருமானம் என்றால் யுவி பெட்டியைத் தள்ளிப்போட்டு இதற்குப் பணம் சேருங்கள் என்பதே எங்கள் யோசனை.

பெட்டிக்குள் நுழையவே முடியாத சாமானும் உண்டு. 2000ல் கலிஃபோர்னியாவில் ஒரு நகப் பராமரிப்புக் கடையின் வாடிக்கையாளர்கள் நூறு பேருக்கு மேல் காலில் கொப்புளம் கொப்புளமாகப் புண் வந்து மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள். காரணம் குழாய் நீரிலேயே வாழும் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்ற பாக்டீரியா. நீர் சுழலும் பெடிக்யூர் தொட்டியில், உறிஞ்சும் குழாயின் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோலும் சேர்ந்து அழுகி, அதில் அது பெருகியிருந்தது. வருவதற்கு முன் கால் முடியை ஷேவ் செய்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். வாரக்கணக்கில் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தொட்டால் வழவழவென்று ஒட்டுமே, அதே படலம்தான் அங்கேயும். மருந்து அந்தப் படலத்துக்கு மேலேயே நின்றுவிடும், சல்லடையைக் கழற்றிப் பிரஷ் போட்டால்தான் போகும். தொடங்குகிறவர்களுக்குக் குழாயே இல்லாத சாதாரண டப் நல்லது.

பெட்டி வாங்கியே தீர வேண்டும் என்றால் கதவைத் திறந்ததும் ட்யூப் அணைகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இந்த ஒளி கண்ணில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து மண் விழுந்தது போல உறுத்தி நீர் வழியும். தட்டு கம்பியாக இருக்கட்டும், உள்சுவர் பளபளப்பான உலோகமாக இருக்கட்டும். நிழல் கொஞ்சம் குறையும். பிளாஸ்டிக் சீப்பையும் ரப்பர் பிடிகளையும் நாள் முழுக்க உள்ளே எரியவிட்டால் மஞ்சளித்து நொறுங்கும், 15 நிமிட டைமர் போதும். வாரம் ஒருமுறை ட்யூப் ஆறிய பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள், ஹேர்ஸ்ப்ரே படிந்தால் ஒளி வெளியே வராது. ட்யூபின் ஆயுள் சுமார் 8,000 மணி நேரம். தினம் 10 மணி நேரம் எரியவிட்டால் மூன்று வருடம்கூட வராது. அதற்குப் பிறகும் நீலமாக எரியும், ஆனால் கிருமியைக் கொல்லாது. ஆகவே மாட்டிய தேதியைப் பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரில் எழுதிவிடுங்கள். மாற்று ட்யூப் கிடைக்குமா, என்ன விலை என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.