காரைக்குடிப் பழைய சாமான் கடை: பித்தளை வாங்குங்கள், பாட்டுப் புத்தகம் வேண்டாம்

முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் ஒன்று. பெயர் வேண்டாம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அரை நாள் மிச்சம் கிடைத்தது, நுழைந்துவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாத்திரப் பக்கம் அருமை. பித்தளை உழக்கு ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். செட்டிநாட்டு வீடுகளில் சாமான்களில் குடும்ப விலாசத்தை, அதாவது அந்த வீட்டு முதலெழுத்துகளை, வெட்டி வைப்பார்கள் இல்லையா, அது இந்த உழக்கில் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாதி கரைந்திருந்தது. புதிதாக வெட்டியிருந்தால் நகத்தில் இடறும். இதில் வழுக்கிக்கொண்டு போனது. இப்படிப்பட்ட தேய்மானத்தை யாரும் ஒரு வாரத்தில் செய்துவிட முடியாது.

அப்புறம்தான் காகிதப் பக்கம் போனேன். போயிருக்கக் கூடாது.

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு அடுக்கு. மேலே ‘நாம் இருவர்’. “இங்க தேவகோட்டை ரஸ்தாவுல எடுத்த படம்ணே. ஒரு ஆச்சி வீட்டுப் பெட்டியில இருந்து வந்துச்சு. ஒரிஜினல்” என்றார் கடைக்காரர். படத்தைப் பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மை. ஏவி.எம். ஸ்டுடியோ அப்போது இருந்தது காரைக்குடியில்தான், சென்னைக்குப் போனது அதற்குப் பிறகு. 1947இல் வந்த அந்தப் படம் இங்கே எடுத்ததுதான். பொய்யை விற்பதற்கு முன்னால் உண்மையைக் கொஞ்சம் தூவ வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1,800 சொன்னார், பேசிப் பேசி 1,200க்கு வாங்கினேன், பேரம் பேசி ஜெயித்துவிட்ட சந்தோஷம் வேறு.

ராத்திரி லாட்ஜில் டியூப்லைட் வெளிச்சத்தில் பின்னட்டையைப் பார்த்தேன். ‘விலை அணா 2’. இரண்டு முறை படித்தும் ஒன்றும் தோன்றவில்லை, மூன்றாம் முறைதான் உறைத்தது. இன்று நாம் எழுதும் அதே லை, அதே ணா. 1947இல் லைக்குத் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொக்கி இருக்கும், ணா தனியாகக் கால் வாங்காமல் கீழே சுழித்துக்கொண்டு நிற்கும். அரசு எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978இல். பெரியார் 1935லேயே தன் பத்திரிகையில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், சரி, ஆனால் அந்தக் காலத்து சினிமாப் பாட்டுப் புத்தகம் எதிலும் அதை நான் பார்த்ததில்லை. அணாவில் விலை போட வேண்டும் என்று யோசித்த ஆளுக்கு அணாவை எப்படி எழுதினார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை!

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. பழைய மட்டரகக் காகிதம் பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் உள்நோக்கிப் பழுக்கும், மூலையை மடித்தால் அப்பளம் மாதிரி முறியும். இது நடுப்பக்கம் வரைக்கும் ஒரே நிறம், மடித்தால் துணி மாதிரி வளைகிறது. டீத்தண்ணியில் முக்கியிருக்கிறார்கள். ஈய எழுத்தில் அச்சடித்திருந்தால் பக்கத்தின் பின்புறம் விரலில் லேசாக மேடு தட்டுப்படும். இது வழவழ.

1983இல் ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ பத்திரிகை ஹிட்லரின் நாட்குறிப்பு என்று நம்பி 90 லட்சம் மார்க்குக்கு மேல் கொட்டிக்கொடுத்ததே, அதையும் காகிதம்தான் காட்டிக்கொடுத்தது, போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த வெளுப்பு ரசாயனம் அதில் இருந்தது. எழுதிய கோன்ராட் குயாவ் அட்டையில் ‘ஏ.ஹெச்.’ என்று ஒட்டவேண்டிய இடத்தில் ‘எஃப்.ஹெச்.’ என்று ஒட்டியிருந்தார். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன், நான் இழந்தது 1,200தானே.

ஒன்று சொல்ல வேண்டும், நகல் என்று சொல்லி 100 ரூபாய்க்குக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன், சந்தோஷமாக. போலியிலும் தரம் உண்டு. பக்கத்தில் நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி இருக்கிறது, அவர் ராமாயணத்திலேயே பின்னால் யாரோ செருகிய பாட்டுகளுக்கு ‘வெள்ளிப் பாடல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செருகியவருக்கு விருத்தம் கட்டவாவது தெரிந்திருந்தது. இவர்களுக்கு டீ போடத்தான் தெரிகிறது.

மறுநாள் காலையில் போனேன். “மதுரையில இருந்து வர்ற சரக்குண்ணே, நமக்கென்ன தெரியும்” என்றார். ஆச்சி வீட்டுப் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன், சிரித்தார். பணம் திரும்பக் கிடையாது, வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம். அடியில் செக்கோஸ்லோவாகியா முத்திரை போட்ட எனாமல் தூக்கு ஒன்றை எடுத்தேன், பிடிக்கு அருகே எனாமல் பெயர்ந்து துரு ஏறியிருந்தது, மேலே 300 கொடுத்தேன். அது நல்ல சாமான், குறையில்லை.

பாத்திரத்துக்கு 5க்கு 4. காகிதத்துக்கு 0. போகிறவர்கள் கையில் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள், முதலில் விலை போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

நான் தூக்கோடு படியிறங்கும்போதே, திருப்பிக் கொடுத்த புத்தகத்தைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, பழையபடி அடுக்கின் மேலே வைத்தார்.